பள்ளி நேரம் வேறு, படிக்கும் நேரம் வேறு

ஜூன் மாதம் பிறந்ததும் பள்ளி திறப்பது தள்ளிப்போகிறதா என்ற பேச்சு எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் தொடங்கிவிடும். 2023-இல் ஜூன் முதல் வாரத்தில் திறப்பதாக இருந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள், வெயில் தணியாததால் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, ஆறாம் வகுப்பு முதல் மேலுள்ளவர்களுக்கு ஜூன் 12 அன்றும், தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 அன்றும் திறந்தன. 2024-இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆனது. அப்படித் தள்ளிப்போகும்போதெல்லாம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வட்டாரத்து வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகும். “இன்னும் ஒரு வாரம் இதுகளை யார் கட்டி மேய்க்கிறது, லீவைக் குறைச்சா என்ன” என்பது ஒரு கட்சி. “இந்த வெக்கையில பச்சப்புள்ளைகளை எதுக்கு வதைக்கணும்” என்பது மறு கட்சி. பள்ளி நாளை நீட்டி விடுமுறையைக் குறைத்தால் பிள்ளைகள் கூடுதலாகப் படிப்பார்களா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், இவ்விரு கட்சிகளும் “நேரம்” என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஏலத்தில் ஒரு கிலோ நண்டு எடுத்து வந்து, ஓட்டை உடைத்து, செவுளைக் களைந்து, சட்டிக்குப் போகும் சதையை மட்டும் நிறுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தராசில் நின்ற எடை வேறு, சட்டியில் விழுந்த எடை வேறு. பள்ளி நேரத்திலும் இப்படி மூன்று எடைகள் உண்டு. பள்ளியின் கதவு திறந்திருக்கும் நேரம் முதலாவது. அதில் பாடம் நடத்தப்படும் நேரம் இரண்டாவது. பாடம் நடக்கையில் ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் மனம் தன் தரத்துக்கு ஏற்ற ஒரு வேலையில் பதிந்திருக்கும் நேரம் மூன்றாவது. கல்வியாளர்கள் கற்றல் நேரம் என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கரோல் 1963-இல் முன்வைத்த விளக்கம் இதற்கு அடிப்படை: ஒரு பாடத்தைக் கற்க ஒரு பிள்ளைக்குத் தேவைப்படும் நேரத்தில், எத்தனை பங்கை அது உண்மையாகவே செலவிடுகிறதோ அந்த அளவுக்கே கற்றல் நிகழும். தேவைப்படும் நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கற்பிக்கும் முறை தெளிவாக இருந்தால் அது குறையும், குழப்பமாக இருந்தால் கூடும்.

சட்டம் எந்த எடையைக் கேட்கிறது என்று பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது) ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணிகளையும், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 220 நாள்களையும் 1,000 மணிகளையும் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. அதாவது தொடக்கப் பள்ளியில் நாளுக்கு நான்கு மணி நேரம் பாடம் நடந்தாலே சட்டம் நிறைவடைந்துவிடும். இதற்கு வெகு முன்பே, 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி ஆணையம் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 234 கற்பித்தல் நாள்கள் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. நாள்களைக் கூட்டுவதா என்ற விவாதம் நம் நாட்டுக்குப் புதிதில்லை.

இனி ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதே காலுக்குத் திறந்து மாலை நான்கே காலுக்கு விடும் பள்ளியில் கதவு திறந்திருப்பது 420 நிமிடம். மதிய உணவுக்கு 60, இரண்டு இடைவேளைகளுக்கு 20, இறைவணக்கத்துக்கும் வருகைப்பதிவுக்கும் 30 நிமிடங்களைக் கழித்தால் 310 நிமிடம் பாடத்துக்கு எஞ்சும். அதை 200 நாள்களால் பெருக்கினால் ஆயிரம் மணிக்கும் மேல் வருகிறது. சட்டம் கேட்பதோ 800. தாளில் பார்த்தால் நம்மிடம் நேரம் மிச்சமாகவே இருக்கிறது.

ஆனால் அந்தப் பள்ளி ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பது அதே சட்டத்தின் விதி. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளும்போது, ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்காம் ஐந்தாம் வகுப்புகளையும் பார்ப்பது வழக்கம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் தன் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் இப்போது 155 நிமிடமே. மீதி நேரத்தில் அது “பார்த்து எழுது” என்று சொல்லப்பட்டதை எழுதிக்கொண்டிருக்கும், அல்லது ஐந்தாம் வகுப்புப் பாடத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். (வேடிக்கை பார்த்தே அடுத்த ஆண்டுப் பாடத்தைக் கற்றுவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு, அவர்களை வைத்துத் திட்டம் போட முடியாது.) இந்தப் பள்ளியை ஐந்தே கால் மணி வரை நீட்டினால், கூட்டிய 60 நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் பங்குக்கு வருவது 30. நாளை நீட்டாமல் நான்காம் வகுப்புக்கென்று ஓர் ஆசிரியரைக் கூடுதலாகத் தந்தால் 155 என்பது 310 ஆகிறது. என் பார்வையில் இந்த விவாதத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துவிடுகிறது.

நாளை நீட்டுவதில் இந்தக் கரைக்கே உரிய தடைகளும் இருக்கின்றன. பிள்ளையின் நாள் பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிகளில் பிள்ளைகள் காலையிலோ மாலையிலோ குர்ஆன் ஓதப் போகிறார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு உண்டு. மணலில் தோண்டிய ஊற்றுகளில் தண்ணீர் சுரக்கக் காத்திருந்து குடத்தை நிரப்பும் ஊர்களில், அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் பெண்பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. பள்ளி நேரத்தை ஒரு மணி கூட்டினால் அந்த வேலை இல்லாமற்போகாது. அது இருட்டுக்குத் தள்ளப்படும். வசதியுள்ள வீடுகளிலோ பள்ளி நாள் ஏற்கெனவே நீண்டுதான் இருக்கிறது, அங்கே அதன் பெயர் டியூஷன். பள்ளி நேரம் இப்போதே போதும் என்று வாதிடுபவர்களில் பலர் தம் பிள்ளைகளை மாலை ஆறு மணிக்கு டியூஷனில் விட்டுவிட்டு வந்தே அதைச் சொல்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பள்ளி நாளைக் குறைத்துப் பார்த்த அனுபவமும் தமிழகத்துக்கு உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றத்தின்படி பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. இரண்டு முறைகளாகப் பிள்ளைகள் வருவார்கள். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். அதே கட்டடத்தையும் அதே ஆசிரியரையும் வைத்து இருமடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்ற சிக்கனக் கணக்கும் அதற்குள் இருந்தது. மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. படகோட்டியின் மகன் அரை நாள் படகிலேயே இருக்கட்டும் என்று அரசே சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளி நேரத்தைப் பற்றிய எந்த யோசனையையும், யாருடைய பிள்ளைக்கு என்ன எஞ்சும் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து நமக்கு இருக்கிறது. அது நல்ல பழக்கம்.

விடுமுறைக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு திசையில் செல்கிறது.

நீண்ட இடைவெளியில் பிள்ளைகள் படித்ததை மறக்கிறார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்தது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது; இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுபடுத்தினால் அது தடுக்கப்படுகிறது. கோடை விடுமுறையை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும், அங்குள்ள மாணவர்கள் கோடை முடிவில் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதப் படிப்புக்குச் சமமானதை இழந்திருக்கிறார்கள் என்று 1996-இல் எழுதினார்கள். இழப்பு கணக்கில் அதிகம். வாசிப்பில் வீட்டுக்கு வீடு வேறுபாடு தெரிந்தது: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் சற்று முன்னேறவும் செய்தார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பால் வான் ஹிப்பல் போன்ற பிற்கால ஆய்வாளர்கள், பழைய தேர்வுகளை மதிப்பிட்ட முறையிலேயே கோளாறு இருந்திருக்கக்கூடும், புதிய அளவீடுகளில் இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்று கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே கோடை விடுமுறை பத்து வாரத்துக்கும் மேல்; நம் ஊரில் ஏறத்தாழ ஆறு வாரம். ஆகவே அந்த ஒரு மாதக் கணக்கை அப்படியே இங்கே எடுத்துவந்து ஒட்டக் கூடாது.

மறதி என்பது எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் நானும் அவ்வாறு இருந்தேன். ஏப்ரலில் கடன் வாங்கிக் கழித்தலைத் தவறில்லாமல் போட்ட நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஜூனில் 500-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னபோது 478 என்று எழுதினாள். எட்டிலிருந்து பூச்சியம் போக எட்டு, ஏழிலிருந்து பூச்சியம் போக ஏழு, ஐந்திலிருந்து ஒன்று போக நான்கு. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது என்ற எளிய பழக்கம், கடன் வாங்கும் முறை மறந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த விடுமுறை முழுவதும் அவள் தன் அத்தையின் பெட்டிக்கடையில் நின்றிருந்தாள். “கடையில நூத்தி எழுபத்தெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு ஐநூறு ரூபாய் நோட்டு தந்தா மிச்சம் எவ்வளவு குடுப்ப?” என்று கேட்டேன். விரலை மடக்கினாள்: நூற்று எண்பதாக இரண்டு, இருநூறாக இருபது, ஐநூறாக முந்நூறு. “முந்நூத்தி இருபத்திரண்டு” என்றவள், சிலேட்டைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது கடைக் கணக்கா, ஸ்கூல் கணக்கா?” என்று கேட்டாள்.

அவளிடம் அழிந்துபோனது கழித்தல் அறிவு இல்லை, ஒரு எழுத்து முறை மட்டும்தான். அதை மீட்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன, அதுவும் கடைக் கணக்கிலிருந்து தொடங்கியதால். விடுமுறையில் பிள்ளை எதுவுமே கற்பதில்லை என்று எண்ணுவது பிழை. பள்ளிக்கு வேண்டிய வடிவத்தில் கற்பதில்லை என்பதே சரி. ஆனால் ஜூனில் அந்த மூன்று மாலைகளைத் தனியாகத் தர யாரும் இல்லாத பிள்ளைக்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்கு முழுவதும் அந்த 478-இன் மேலேயே கட்டப்படும். அதனால்தான் நீண்ட ஒரே விடுமுறை குறித்து எனக்குத் தயக்கம் இருக்கிறது.

விடுமுறையின் இன்னொரு விலை உணவு. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபட்ட மதிய உணவும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த காலைச் சிற்றுண்டியும் பள்ளி நாள்களோடு பிணைந்தவை. பள்ளி மூடினால் இந்த இரண்டு வேளையும் வீட்டின் பொறுப்பு. மற்ற மாவட்டங்களில் இது ஒரு சுமை என்றால் இந்தக் கரையில் இரட்டைச் சுமை. ஏனென்றால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்றாலும் விசைப்படகுக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு வரவு நின்றுபோகும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டிலேயே வந்தது. அதை 61 நாளுக்குப் பகிர்ந்தால் குடும்பம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். பள்ளியின் நாள்காட்டியும் கடலின் நாள்காட்டியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் மாதம் மே. வீட்டில் காசு மிகக் குறைவாக இருக்கும் அந்த வாரங்களில்தான் பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில் இருக்கிறார்கள்.

இரண்டு நாள்காட்டிகளும் இப்படி ஒன்றுசேர்வதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆண்டு முழுவதும் கடலுக்கும் ஏலத்துக்கும் இடையில் அலையும் தகப்பன் கரையில் இருப்பது அந்த இரண்டு மாதந்தான். படகுக்கு வர்ணம் அடிக்கையில் மகன் பக்கத்தில் நிற்பான். வலையின் கிழிசலை ஊசி கோத்து முடிக்கையில் மகள் கண் எண்ணிச் சொல்வாள். இதைப் படிப்பு இழப்பு என்று எழுதிவைக்க எனக்குக் கை வராது. விடுமுறையைச் சரிபாதியாக வெட்டிவிடுங்கள் என்று சென்னையில் ஒருவர் எளிதாக எழுதிவிடலாம். இங்கே அந்த வெட்டு தகப்பனும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் நாள்களின் மேல் விழும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாள்காட்டி எவ்வளவு பொருந்தாது என்பதற்குச் சாயல்குடிப் பக்கம் போனால் இன்னொரு சான்று. அங்கே பனை ஏறும் குடும்பங்கள் பதநீர் காலத்தில் விடிலி (பனையோலைக் குடிசை) போட்டுக் கருப்பட்டி காய்ச்சும் வேலையில் இறங்குகின்றன. அந்தப் பருவம் கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முழுப்பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வருகை குறைவதற்கு அதுதான் காரணம். மறுபுறம், இம்மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அவ்வாறு மழையால் போகும் நாள்களைப் பின்னர் சனிக்கிழமைகளில் ஈடுசெய்கிறார்கள். ஈடுசெய்த சனிக்கிழமை பதிவேட்டில் முழு நாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட இருக்க மாட்டார்கள். மீண்டும் நண்டுக் கணக்குதான்.

பிற நாடுகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். பின்லாந்தில் பள்ளி ஆண்டு 190 நாள், கோடை விடுமுறை ஏறத்தாழ பத்து வாரம். ஆயினும் அந்நாட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாகவே நீண்ட காலம் பெயர் பெற்றிருந்தார்கள். அரை நாள் பள்ளிக்குப் பழகியிருந்த ஜெர்மனி, 2000-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தேர்வில் எதிர்பார்த்ததைவிடப் பின்தங்கியதால் அதிர்ந்துபோய், 2003 முதல் 400 கோடி யூரோ செலவில் முழு நாள் பள்ளிகளைப் பெருக்கியது. சிலி நாடு 1997 முதல், இரு முறைகளாக நடந்த பள்ளிகளை ஒரே முழு நாளாக மாற்றியது. ஆய்வுகளில் மதிப்பெண் ஓரளவு கூடியது தெரிந்தது, செலவிட்ட பணத்துக்குச் சிறிய பலனே. இவற்றை நமக்கு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: சிலியும் ஜெர்மனியும் தொடங்கிய அரை நாள் என்ற நிலையில் நாம் இல்லை, நம் பள்ளிகள் ஏற்கெனவே முழு நாள் பள்ளிகள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பள்ளி நாளை நீட்டுவதை நான் ஏற்கவில்லை. ஆசிரியர் எண்ணிக்கை மாறாத வரை அது நண்டு ஓட்டின் எடையைத்தான் கூட்டும். கோடை விடுமுறையை உடைப்பதில் மட்டும் பொருள் இருக்கிறது. அதையும் பள்ளியைத் திறந்துவைத்து வழக்கமான பாடம் நடத்துவதாகக் கொள்ளாமல், மே மாதத்தின் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் காலை வேளையில் ஒரு சிறிய கூடுகையாக வைத்துக்கொள்ளலாம். அதில் புதுப் பாடம் வேண்டாம். வாசித்தலும் நான்கு அடிப்படைக் கணக்குகளும் போதும். பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல், எதுவரை தெரிகிறது என்பதால் பிரிக்க வேண்டும். இடைவெளி விட்டு நினைவுபடுத்தினால் மறதியின் வேகம் தணியும் என்பதால், பன்னிரண்டு நாளையும் தொடர்ந்து வைக்காமல் இரண்டு தவணையாக வைப்பது இன்னும் நல்லது. காலைச் சிற்றுண்டி சமைக்கும் கைகளும் அடுப்பும் அங்கேயே இருக்கின்றன. அந்த நாள்களிலும் அதைத் தொடர்ந்தால், உணவுக்காக வரும் பிள்ளையே முதலில் வந்து நிற்கும். அப்படி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரம் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தாலும் தகரக் கூரையின் கீழ் யாராலும் கடன் வாங்கிக் கழிக்க முடியாது. ஒன்பதரைக்கு விட்டால், படகின் அடிப்பக்கத்துக்கு வர்ணம் அடிக்கத் தொடங்கியிருக்கும் அப்பாவிடம் பிள்ளைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.